அடித்து இறக்கிய கம்பிகள்

தெருவில் அவளுக்குப் புல்லெண்ணி என்று பெயர். அரசு கொடுத்த பதவிப் பெயர் வேறு. அது நீளமானது, அடையாள அட்டையில் இரண்டு வரி பிடிக்கும். தெருவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சுரங்க மேட்டில் நாள் முழுக்கக் குனிந்து புல்லை எண்ணுகிற பெண், அவ்வளவுதான். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் அது அவள் காதில் விழுந்தது. சொன்னவருக்கு வழுக்கைத் தலை. "ஆமாங்க, எண்ணுறேன். உங்க தலைமுடிய எண்ணச் சொல்லியிருந்தா மத்தியானமே வீட்டுக்கு வந்திருப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒளிவு மறைவு எதற்கு என்று நேரிலேயே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் வேலை சின்ன வேலை இல்லை. தெருவுக்குப் பின்னால் இருந்த சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. சுரங்கத்தை மூடலாம்; அதிலிருந்து வாரிக் கொட்டிய மண்ணை எங்கே கொண்டுபோய் மூடுவது? அது பாட்டுக்குக் குன்று மாதிரி நின்றது. தோண்டிய கம்பெனியே அந்த மேட்டைச் சரித்துச் சீராக்கி, மேலே நல்ல மண் போர்த்தி, புல்லும் மரமும் வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வளர்ந்தது நிலைத்து நிற்கிறதா, மழைக்கு மண் கரைந்து ஓடாமல் இருக்கிறதா என்று அரசு ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த மறுநாளே கம்பெனி பெட்டியைக் கட்டலாம். அதுவரை மேடு அதன் பொறுப்பு. அந்தக் கையெழுத்துப் போடுகிற கைதான் புல்லெண்ணியின் கை.

புல்லை எண்ணுவது என்றால் மேடு முழுக்க எண்ணுவது இல்லை. நாற்காலிப் பலகை அளவுக்கு ஒரு சதுர இரும்புச் சட்டம் வைத்திருந்தாள். அதை எறிவாள். விழுந்த இடத்தில், சட்டத்துக்குள் எத்தனை செடி, எது நட்டது, எது தானாக வந்தது, எவ்வளவு வெறும் மண் என்று பார்த்து எழுதிக்கொள்வாள். எறியும்போது மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேலாகப் பின்பக்கம் எறிவாள். பார்த்து எறிந்தால் கை தன்னை அறியாமல் பச்சை இருக்கிற பக்கமாகப் போகும், கையை நம்பக்கூடாது என்பது அவள் கட்சி. முதல் தடவை அதைப் பார்த்த லாரி டிரைவர் ஒருவர், யாரோ கோபத்தில் சாமானை வீசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வண்டியை நிறுத்தி இறங்கிச் சமாதானம் சொன்னாராம். அவள் புருஷன் தையல்காரர். கடைக்கு வருகிறவர்களிடம் சட்டைக்கு அளவு எடுத்துக்கொண்டே சொல்வார்: "மேட்டுலதான் திரும்பி நின்னு எறிவா. வீட்ல நேரா பாத்துதான் எறிவா, குறி தப்பாது."

அவள் அப்பா அந்தச் சுரங்கத்தில் மண் லாரி ஓட்டியவர். மேட்டில் பாதி தான் கொட்டியது என்று பெருமையடித்துக்கொள்வார். காயப்போட்ட துணியெல்லாம் தூசி என்று அம்மா திட்டும்போது மட்டும், அது மற்றப் பாதியிலிருந்து வருகிறது என்பார். அந்த மேட்டில் அப்போது ஒன்றும் முளைக்கவில்லை. இனிமேலும் முளைக்காது என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பாடத்தோடு பாடமாகச் சொன்னார். இவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டின் அடியில் ஒரே ஒரு செடி வந்திருந்தது அவளுக்குத் தெரியும். மறுநாள் அதை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். ஆசிரியர் செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் சொன்னது சரிதான். இருந்த ஒண்ணையும் நீ பிடுங்கிட்டியே" என்றார். வகுப்பே சிரித்தது. சாயங்காலம் அழுதுகொண்டே போய் அதே இடத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். செடி பிழைக்கவில்லை. அடம் பிழைத்துக்கொண்டது. செடிகொடிப் படிப்பு படித்ததும், பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்ததும், வேறு ஊருக்கு மாற்றிக் கொடுக்கிறோம் என்றபோதெல்லாம் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றதும் அந்த அடம்தான்.

அண்ணன் வேறு ரகம். சொன்னதைச் செய்வார், சொல்லாததையும் சேர்த்துச் செய்வார். எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அவர் கண்ணுக்குப் பொறுக்காது. சின்ன வயசில் ஒருநாள் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டப் பார்த்தால் சுவரில் ஆணியே இல்லை. அத்தனை ஆணியும் சுவரோடு சுவராக உள்ளே போயிருந்தன. பையன் சுத்தியலோடு நின்றுகொண்டு, சுவர் இப்போது அழகாக இருக்கிறதல்லவா என்று கேட்டான். அப்பா அடிக்கக் கை ஓங்கி, பிறகு சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டைகள் நாற்காலி முதுகில்தான். வளர்ந்தும் குணம் மாறவில்லை. அவருடைய அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் கம்பெனி அவரை மேட்டில் செடி நடுகிற ஆட்களுக்கு மேஸ்திரியாகப் போட்டது.

அப்பா வீட்டில் அண்ணன்தான் இருந்தார். தெருவின் கடைசி வீடு. சமையலறைக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்குப் பின்னால் மேடு. மழை பெய்தால் கம்பெனி ஆட்கள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலில் சேர்ந்த சேற்றை வாரிப்போட்டுவிட்டுப் போவார்கள். கம்பெனி போய்விட்டால் யார் வாருவது என்று தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, மண் எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

மண் போகிறதா இல்லையா என்று சொல்ல மேட்டில் கம்பிகள் இருந்தன. சரிவில் அங்கங்கே, முழங்கை நீளக் கம்பியை மண்ணுக்குள் அடித்து, தலை மட்டும் நாலு விரல் உயரம் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போனால் கம்பி இன்னும் கொஞ்சம் வெளியே தெரியும். எவ்வளவு கூடத் தெரிகிறதோ அவ்வளவு மண் போயிருக்கிறது. இதைவிட எளிமையான கருவி கிடையாது. மழைக்காலம் முடிந்தால் கம்பெனியின் அளவுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒவ்வொரு கம்பியாக அளந்துகொண்டு போவார். அவருடைய கணக்குப்படி, கம்பி அடித்த நாளிலிருந்து அந்த மேட்டில் ஒரு விரல் மண்கூட நகரவில்லை.

கடைசி ஆய்வுக்குப் புல்லெண்ணி மேட்டுக்குப் போன காலையில் கம்பெனி மேலாளரும் கூட வந்தார். மரியாதையான மனிதர், பளபளவென்று ஷூ. மேடு பச்சைப் பசேல் என்று இருந்தது. ஆய்வுக்கு முன்னால் விதை தூவித் தண்ணீர் லாரி விட்டிருந்தார்கள் என்பது அந்தப் பச்சையைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாப் புல்லும் ஒரே வயசு, ஒரே உயரம். மேலாளர் இங்கே போடுங்கள், அங்கே போடுங்கள் என்று கை காட்டினார். இவள் முதுகைத் திருப்பிக்கொண்டு எறிந்தாள். சட்டம் சரிவில் உருண்டு ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. குனிந்து புல்லைப் பிடித்து இழுத்தாள். பாயைச் சுருட்டுவதுபோல் மேலோடு கையோடு வந்தது. அடியில் கூழாங்கல்லும் கெட்டி மண்ணும்தான்.

அதைவிட மோசம் மரக்கன்றுகள். நட்டபோது மண்ணோடு சமமாக இருந்த கன்றுகள் இப்போது ஒவ்வொன்றும் முக்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு மண்கட்டியின் மேல் உயர்ந்து நின்றன. சுற்றிலும் இருந்த மண் போய்விட்டது. வேர் பிடித்துவைத்திருந்தது மட்டும் மிச்சம். சில கன்றுகளின் வேர் காற்றில் தொங்கியது. இவ்வளவு மண் போயிருந்தால் பக்கத்துக் கம்பி ஒரு சாணாவது வெளியே நிற்க வேண்டும். கம்பியைப் பார்த்தாள். நாலு விரல். அடுத்த கம்பி, நாலு விரல். மேடு நெடுகப் பார்த்தாள். எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நாலு விரல். ஒன்றின் தலையைத் தடவிப் பார்த்தாள். நசுங்கி, ஓரம் மடிந்து, காளான் மாதிரி விரிந்திருந்தது.

அவளுக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது கோபம். மேலாளரிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் விறுவிறுவென்று இறங்கி, கால் கழுவ அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எவனோ கம்பியையெல்லாம் அடித்து இறக்கி ஊரை ஏமாற்றுகிறான், அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும், வேலையை விட்டே ஓட ஓட விரட்டுகிறேன் என்று பொரிந்து தள்ளினாள். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு கள்ளம் இல்லை.

"எந்தக் கம்பி? சரிவுல நீட்டிக்கிட்டு நிக்குமே, அதுவா? அது நான்தான் பாப்பா அடிச்சேன். ஒவ்வொரு மழைக்கும் எழும்பி எழும்பி வந்துடுது. நம்ம ஆளுங்க பாதிப் பேரு செருப்பில்லாம நடக்குறாங்க. யார் கால்லயாவது குத்திடும்னு பழைய உயரத்துக்கே அடிச்சு விடுவேன். ஒண்ணு விடாம."

அவர் குரலில் பெருமை இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அளவுக்காரர் பொய் எழுதவில்லை. மேஸ்திரி திருடவில்லை. ஒருவர் மண் போனதும் கம்பியை இறக்கிவைத்தார். இன்னொருவர் இறங்கிய கம்பியை அளந்தார். எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள், மேட்டின் மண் மட்டும் போய்விட்டது. அந்தக் கம்பி எதற்கு என்று நடவு ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இதே வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். அண்ணனிடம் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள், கம்பியைப் பற்றி வாய் திறந்ததில்லை. இப்போது சொன்னாள். சொல்லச் சொல்ல அண்ணனின் கை தட்டில் நின்றுவிட்டது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப எவ்வளவு மண்ணு போயிருக்கும்?" அவளுக்குத் தெரியாது. அடித்து இறக்கிய கம்பியை வைத்துக்கொண்டு இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் மேலாளர் அறையில் போய் உட்கார்ந்தாள். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் மேட்டின் படங்கள், எல்லாப் படத்திலும் பச்சை. நடந்ததைச் சொன்னாள். யார் அடித்தது என்றும் மறைக்காமல் சொன்னாள், ஏனென்றால் அண்ணன் என்பதற்காக மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மேடம், கம்பி என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. வேரைப் பார்த்துக் கணக்கு எழுத எந்த விதியும் இல்ல."

"கம்பி ஒண்ணும் சொல்லல சார். தலையிலயே போட்டுப் பேசவிடாம ஆக்கியிருக்கு."

"யாரும் வேணும்னு செய்யலையே."

"இதுவரைக்கும் இல்ல. இனிமே அடிச்சா வேணும்னு அடிச்சதுதான். இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

மேலாளர் சிரித்தார். உங்கள் அண்ணன் நல்ல உழைப்பாளி, அடுத்த இடத்தில் அவரை நிரந்தரமாகப் போடுவதாக இருக்கிறோம், இந்த நேரத்தில் அவர் பெயரை எதற்கு இழுப்பது என்று இதமாகச் சொன்னார். இவள் எழுந்துவிட்டாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்ற வாக்கில் சொன்னாள். மண்ணை மறுபடியும் பிடித்து நிறுத்துங்கள், சரிவைப் படி படியாக வெட்டுங்கள், ஆழமாக வேர் விடுகிற செடியை நடுங்கள், புதுக் கம்பி அடியுங்கள், அதை யாரும் தொடாமல் பாருங்கள், அதற்குப் பிறகு கூப்பிடுங்கள் என்றாள். கதவை ஓசைப்படாமல்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அவளுடைய மேலதிகாரி நல்லவர்தான். நல்லவர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் தலையாட்டிப் பழகிய கழுத்து. அவர் கூப்பிட்டு, விதிப்படி கம்பிதான் சாட்சி என்றார். கம்பியை அடித்தார்கள் என்றால் அடித்தவர் நேரில் வந்து சொல்லட்டும், அவள் சொல்வது செல்லாது. கம்பெனியோ அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் அவரே ஒரு குழுவோடு வந்து மேட்டைப் பார்க்கப்போகிறார். கம்பிகள் சரியாக இருந்தால் அவளுடைய மறுப்பை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஆளை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவளை வேறு ஊருக்கும் அனுப்ப வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானதுதான். அது யாருக்கு என்ன பிரயோசனம்?

"நீங்க வேற யாரை வேணாலும் போடச் சொல்லுங்க சார். என் கை மட்டும் போடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில்தான் பெரிய சண்டை. விஷயம் தெரிந்ததும் அண்ணி தையல் கடைக்கே வந்துவிட்டாள். துணி வெட்டுகிற மேசைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அண்ணி, நடுவில் கத்திரிக்கோலோடு புருஷன். எடுபிடிப் பையனிடம் வாங்குகிற மாதிரி இத்தனை வருஷம் உன் அண்ணனிடம் வேலை வாங்கினார்கள், இப்போதுதான் நிரந்தரம் என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் நீ கெடுத்தால் இந்தக் குடும்பம் எங்கே போகும் என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். கடைசியில் அண்ணி கேட்டாள்: "தெரியாம செஞ்ச மனுஷனைத் திருடன்னு எழுதப் போறியா?"

"திருடன்னு எழுதல அண்ணி. சுத்தமான மனுஷன்னுதான் எழுதணும். அதுல வந்த வினைதான் எல்லாம். உங்க சமையலறைச் சுவருக்குப் பின்னாடி நிக்கிற மண்ணு அது. அவங்க போயிட்டா வாய்க்கால யாரு வாருவா? நான் யாருக்காக ஒத்தையில நிக்கிறேன்னு நினைக்கிறீங்க?"

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு புருஷன் ஒரு துண்டுத் துணியை எடுத்து இவளிடம் நீட்டினார். அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. மாற்றல் வந்தால் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தானும் வருவதாகவும், எந்த ஊரிலும் சட்டை போடாத மனிதர்கள் கிடையாது என்றும் அவர் சொன்னார். சாயங்காலம் அண்ணனிடம் போனாள். உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட மாட்டேன், அது உன் பாடு, ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அது என் பாடு என்று வாசலிலேயே நின்று சொன்னாள். அண்ணன் நாற்காலியின் தளர்ந்த திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

குழு வருவதற்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய மழை. வழக்கமாக வாய்க்கால் வார வருகிற ஆட்கள் அன்றைக்கு வரவில்லை. மேலே வரப்போகிறவர்களுக்குக் கூடாரம் போடவும், பாதைக்குச் சரளை கொட்டவும் அவர்களை அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் மழை கொஞ்சம் குறைந்தது. தையல் கடைக்கு வந்த ஒருவர் போகிற போக்கில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் குடை பிடித்துக்கொண்டு கடைசி வீட்டு வாசலில் நின்று அண்ணனிடம் பேசினாராம், விடிந்ததும் மேட்டை எப்போதும்போலச் சுத்தமாக வைக்கச் சொன்னாராம், முக்கியமாகக் கம்பிகளை. அண்ணன் சரி சார் என்றாராம். அன்றைக்குச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

காலையில் மேட்டுக்குப் போகிற வழியில் மனசு கேட்காமல் அண்ணன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சமையலறை முழுக்கச் சேறு. வாய்க்கால் நிறைந்து, பின்கதவின் அடி வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தால் வாரிக்கொண்டிருந்தாள். செம்மண்ணும் மக்கிய இலையும் கலந்த சேறு. மேட்டின் மேல் போர்த்திய நல்ல மண் அது. அண்ணன் தன் ஆட்களை வைத்துக் கூடை கூடையாகச் சுமந்து பரப்பியது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் வேரடி மண்ணெல்லாம் கழுவிப்போன மரக்கன்று ஒன்று நின்றது. தண்டில் நடவு ஆட்கள் கட்டுகிற நீலக் கயிறு. அதைக் கதவிடுக்கிலிருந்து எடுத்து வாளியில் வைத்தது அண்ணன்தான் என்று அண்ணி சொன்னாள். இவள் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அண்ணன் எங்கே என்று கேட்டாள். விடியும் முன்பே மேட்டுக்குப் போய்விட்டார் என்று பதில் வந்தது. கதவு மூலையைப் பார்த்தாள். பெரிய சுத்தியல் எப்போதும் சாய்ந்து நிற்கிற இடம் காலியாக இருந்தது. வீட்டுக்குள் சேறு வந்த பிறகுமா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் அவர் சரி என்று சொன்ன மனிதர். சரி என்று சொன்னதைச் செய்யாமல் விட்டது அவர் வாழ்க்கையில் கிடையாது. சரி, அடித்தால் அடிக்கட்டும். கம்பி நாலு விரலாகவே நிற்கட்டும். வேரைக் காட்டுவேன், வீட்டுக்குள் வந்த சேற்றைக் காட்டுவேன், குழுவின் ஷூவில் அதைப் பூசியாவது காட்டுவேன் என்று சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள்.

மேலே கூடாரத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேலதிகாரியும் குழுவும் வந்திருந்தார்கள். மேலாளர் அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்தார். அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. நேரே கம்பிக்குப் போய்விடலாமே, எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும் என்று அவரே சொன்னார். மேலதிகாரி தலையாட்டினார். எல்லாரும் சரிவின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தார்கள்.

அங்கே அவர்கள் கண்டது இருக்கட்டும், அதற்கு அண்ணன் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடலாம். அந்த வாரமே மேஸ்திரி வேலை போயிற்று, நிரந்தரம் என்ற பேச்சும் போயிற்று. கொஞ்ச காலம் மச்சான் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தார். தைத்த பொத்தான் எதுவும் ஆயுசுக்கும் கழன்று வராது. கம்பெனியால் மேட்டை விட்டுப் போக முடியவில்லை. புல்லெண்ணி சொன்னபடியே சரிவைப் படி வெட்ட வேண்டியிருந்தது, புதுக் கம்பி அடிக்க வேண்டியிருந்தது. முறுக்கிக்கொண்டே செய்தார்கள், ஆனால் செய்தார்கள். அவளுக்கு மாற்றல் உத்தரவு வரத்தான் செய்தது. அவளும் முடியாது என்று எழுதிப்போட்டாள். அந்தக் காகிதச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. மேட்டில் இன்றைக்கும் அவள்தான் முதுகைத் திருப்பி நின்று எறிகிறாள்.

அன்றைக்குச் சரிவின் விளிம்பில் நின்றவர்கள் கண்டது கம்பிகளைத்தான். மேடு நெடுக, எண்ணிவிடலாம் போலத் தெளிவாக, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றன. ஒரே மழையில். தலைகள் மட்டும் நசுங்கிக் காளானாக விரிந்திருந்தன. முதல் கம்பிக்குப் பக்கத்தில், ஈர மண்ணில், சுத்தியலை மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆட்கள் தள்ளி நின்றார்கள். மேட்டில் அந்த ஒரு சுத்தியல்தான் உண்டு. விடியும் முன்னாலிருந்து அதை அவர் கையை விட்டு இறக்கவில்லை.

மேலாளருக்கு முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டார்.

"நேத்து உன்கிட்ட என்ன சொன்னேன்? ஏன் அடிக்கல?" என்று கத்தினார். கத்திய பிறகுதான் மேலதிகாரி தன்னையே பார்ப்பதைக் கண்டார். தலையாட்டிப் பழகிய கழுத்து அப்போது ஆடாமல் இருந்தது.

அண்ணன் எழுந்து நின்றார். சேற்றில் செருப்பில்லாத கால். தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தார். பல நாளைக்குப் பிறகு பார்த்த பார்வை அது. பிறகு மேலாளரின் பளபளக்கிற ஷூவைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற அதே பணிவான குரலில் சொன்னார்:

"யார் கால்லயும் குத்தக் கூடாதுன்னுதான் சார் இத்தனை நாளும் அடிச்சேன். இனிமே அடிக்கறதா இல்ல. யார் கால்ல குத்தணுமோ அவங்க கால்ல குத்தட்டும்."